வழியில் கிடந்த பை

அண்ணிக்கு வாய் ஓயாது என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தமிழ் தெரியாதவர்களுக்கும் தெரியும். அங்கே வீட்டுக்கு ஒரு பாஷை. பழம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்கு வந்து அப்படியே தங்கிப்போன ஜனங்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாவிட்டாலும், யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் புரியும். விடிந்ததிலிருந்து அண்ணியின் குரல் ஜன்னல் வழியாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டுத் தையல்காரி ஒரு நாள் இரண்டு காதையும் பொத்திக் காட்டி, இந்தப் பொம்பளையை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாய் என்று நாத்தனாரிடம் சைகையில் கேட்டாளாம். நாத்தனார் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் ஏன் சிரித்தாள் என்று சொல்கிறேன், கண்ணுகளா.

அண்ணி, அண்ணனின் மனைவி. நாத்தனார், அந்த அண்ணனின் தங்கை. அண்ணன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. நாத்தனாரின் கணவர் அதற்கும் முன்பே போய்விட்டார். மிச்சம் இருந்தது இந்த இருவரும் ஒரு சின்ன வீடும்தான். இள வயதில் இவர்களுக்குள் ஏழாம் பொருத்தம். ஒரு தலையணை உறைக்காக ஒரு வருஷம் முகம் பார்த்துப் பேசாதவர்கள்.

எழுபதைத் தாண்டியதும் நாத்தனாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. குளிக்கப் போனால் வாளியைப் பார்த்தபடி நிற்பாள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அண்ணிக்குப் பார்வை மங்கியது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். போனது திரும்பாது என்று கண் மருத்துவர் கையை விரித்துவிட்டார். நாத்தனாரைத் தவிர யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. நாத்தனாரிடம் சொன்னதும்கூட, இவள்தான் மறந்துவிடுவாளே என்ற தைரியத்தில்தான்.

அப்புறம் தானாக ஒரு ஏற்பாடு அமைந்தது. அண்ணி சொல்வாள், நாத்தனார் செய்வாள். "வாளி நெறஞ்சிடுச்சு, குழாய மூடு. சோப்ப தேடாதே மகராணி, அது உன் கையிலதான் இருக்கு." தெருவே திட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். வெளியே போனால் நாத்தனார் அரை அடி முன்னால் நடப்பாள். அண்ணியின் கை அவள் தோளில் இருக்கும். "கல்லு கிடக்கு அண்ணி, காலத் தூக்குங்க." இப்படி ஒருத்தியின் கண்ணையும் ஒருத்தியின் நினைவையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காலம் தள்ளினார்கள்.

வந்த வினை ஒரு காய்ச்சல். அண்ணி படுத்தவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். நாத்தனாருக்கு, எப்போதோ விட்டுவிட்ட வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தோன்றிவிட்டது. லாரிகள் போகிற பெரிய சாலையைக் குறுக்கே கடந்து, வீட்டில் உடுத்திய உடையோடு கொட்டகைக்குள் நுழைந்து, ஓடுகிற பெல்ட் முன்னால் நின்று பழத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மேஸ்திரிக்கு அவளைத் தெரியும். பத்திரமாகக் கொண்டுவந்து விட்டார். ஆனால் மனசு கேட்காமல் ஊர் சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அங்கிருந்து அண்ணியின் மகனுக்குத் தகவல் போனது.

மகன் நகரத்தில் எலக்ட்ரீசியன். நல்ல பிள்ளை. பெற்றவளையும் அத்தையையும் ஒரே மாதிரி பார்ப்பவன். உதவி கேட்டு அவன் கூப்பிடாத எண் இல்லை. உங்கள் மொழிக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று ஃபோன் சொல்லிக்கொண்டே போகும். கடைசி வரைக்கும் தமிழ் வராது. அப்புறம் ஏதோ ஒரு பாட்டைப் போட்டுக் காக்க வைப்பார்கள். ஊரிலேயே இருந்த முதியோர் இல்லத்தில், நினைவு தப்பியவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். சேர்க்கிற இடம் அரைநாள் பஸ் பயணத்தில் இருந்தது. அங்கே ஒரு படுக்கை காலி. தமிழ் பேச அங்கே ஒரு ஜீவன் கிடையாது.

அத்தையை அங்கே விட்டுவிடலாம், நீ என்னோடு வந்துவிடு, நாலாவது மாடிதான், லிஃப்ட் இருக்கிறது என்றான் மகன். அண்ணி பிடிவாதமாக முடியாது என்றாள். கடைசியில் ஒரு வழி மட்டும் மிஞ்சியது. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வருவார். வந்து பார்த்து, வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதினால் உதவிக்கு ஆள் அனுப்புவார்கள். முடியாது என்று எழுதினால் அந்தப் படுக்கைதான்.

அண்ணி ஒரு கணக்குப் போட்டாள். வருகிறவளுக்குத் தமிழ் தெரியாது. நாம் எப்போதும் போல் உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தால், வாயாடிக் கிழவி என்று நினைத்துக்கொள்வாள். நாத்தனார் எல்லாவற்றையும் தானே செய்வது போல இருக்கும்.

அதிகாரி வேறொரு தேசத்திலிருந்து அந்த ஊருக்கு வந்தவள். மெத்தென்ற காலடி, தணிந்த குரல். வந்ததும் ஒரு ஃபோனை மேஜையில் வைத்து ஏதோ அழுத்தினாள். அதிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க பேசுறத அவங்களுக்கும் அவங்க பேசுறத உங்களுக்கும் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அண்ணி இந்த ஃபோன் தம்பியை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும், கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலைத்தானே சொல்லப் போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பார்ப்பேன், அதுதான் முறை என்றாள் அதிகாரி. மகனை வாசலில் இருக்கச் சொன்னாள். அண்ணியைக் கூடத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு நாத்தனாரோடு சமையலறைக்குள் போனாள். ஒரு டம்ளர் டீ போட்டுக் காட்டச் சொன்னாள்.

அண்ணி காதைத் தீட்டிக்கொண்டாள். பாத்திரம் எடுக்கிற சத்தம். குழாய் திறக்கிற சத்தம். அதை மூடுகிற சத்தத்தைக் காணோம்.

"போதும் மூடுடி. டீ போடச் சொன்னா குளமா வெட்டுறே?"

குழாய் மூடியது. உடனே ஃபோனில் அந்தக் குரல் முணுமுணுவென்று வேறு பாஷையில் ஏதோ சொன்னது. அதிகாரி பதில் சொன்னாள்.

"அம்மா, நீங்க எதுவும் பேசக் கூடாதாம். அவங்க தானா செய்றத பாக்கணுமாம்."

"நான் உங்ககிட்டயா பேசினேன் தம்பி? என் நாத்தனார திட்டினேன்."

"திட்டினாலும் சொல்லணும்மா. காதுல விழுந்தா சொல்லியே ஆகணும்."

அண்ணி போட்ட கணக்கு மொத்தமும் அந்தச் சின்ன ஃபோனுக்குள் போய்விட்டது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வாள். திறக்காவிட்டால் உள்ளே நிற்பவள் என்ன செய்வாளோ தெரியாது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுப்புத் திருகைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அடுத்து லைட்டர் டக்கென்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. உஸ்ஸென்று ஒரு மெல்லிய சீறல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பற்ற வை, பற்ற வைடி என்று அண்ணியின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. கேஸ் வாடை கூடத்துக்கு வந்தது.

அதிகாரி அங்கேதானே நிற்கிறாள், அவளுக்கு மூக்கு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கண் தெரியாமல் உட்கார்ந்து அந்தச் சீறலைக் கேட்பவளுக்கு அப்படியெல்லாம் தோன்றாது, கண்ணுகளா. இப்போது எங்கேயிருந்தாவது லைட்டர் சொடுக்கினால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் தோன்றும்.

அண்ணி எழுந்தாள். அந்த வீடு அவளுக்கு உள்ளங்கை. சுவர், அப்புறம் அலமாரி, அப்புறம் கதவு நிலை. தடவாமலே வேகமாகப் போய்விடுவாள். போனாள். ஆனால் வழியில் அதிகாரி தன் பையை வைத்திருந்தாள். அந்த வீட்டில் யாரும் எதையும் வைக்காத இடம் அது. கால் தடுக்கி அண்ணி குப்புற விழுந்தாள். அலமாரிக் கதவு அதிர்ந்தது.

நாத்தனார் ஓடி வந்தாள். தரையில் உட்கார்ந்து அண்ணியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாதவள், அதிகாரியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"யாரு பைய வழியில வெச்சது? அவங்களுக்குக் கண்ணு தெரியாதே, உங்களுக்குத் தெரியாதா?"

அடுப்பின் சீறல் நின்றிருந்தது. அதிகாரியின் கை எப்போதோ திருகுக்குப் போயிருந்தது. அண்ணி எழுந்தே இருக்க வேண்டாம். அதுதான் அவள் நேரம்.

ஃபோன் பேசவில்லை. அந்த ஒரு வாக்கியம் இன்னும் அந்தப் பாஷைக்குப் போகவில்லை.

"தம்பி," என்றாள் அண்ணி தரையிலிருந்து. "இத மட்டும் சொல்லாதீங்க. உங்களப் பெத்தவளா நெனச்சுக் கேக்கறேன்."

ஃபோனில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னான்:

"அம்மா, சொல்லாம விட எனக்கு அனுமதி இல்ல. நீங்களே சொல்லிட்டா நல்லதும்மா. முழுசா சொல்லுங்க. ஒரு வார்த்த விடாம நான் கொண்டுபோய் சேக்கறேன்."

வாசலிலிருந்து மகன் உள்ளே வந்து நிற்பது அண்ணிக்குக் காலடிச் சத்தத்தில் தெரிந்தது. இனி மறைக்க யாரும் மிச்சமில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள். கறுப்புத் திட்டிலிருந்து தோளில் வைக்கிற கை வரைக்கும், குழாயிலிருந்து லைட்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோன் தம்பி பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தான்.

எப்போதிலிருந்து என்று மகன் கேட்டான்.

"போன தடவை வந்தப்போ இளைச்சுட்டியேடான்னு சொன்னேன்ல? அது உன் குரல வெச்சு சொன்னது."

அதிகாரி ஏதோ கேட்டாள். இதுவரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறாராம்.

"சொன்னா நம்ப மாட்டாங்க தம்பி. ஜன்னலத் திறக்கச் சொல்லுங்க, வாடை போகட்டும். அப்புறம் லைட்டர அவ கையில குடுக்கச் சொல்லுங்க. நான் இங்கேருந்தே காட்டறேன்."

அதிகாரி யோசித்தாள். பிறகு சரியென்று ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

ஆனால் நாத்தனார் மிரண்டுபோயிருந்தாள். யார் இவர்கள், ஏன் வந்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். லைட்டரைக் கையில் கொடுத்தால் கீழே வைத்துவிட்டாள். பாத்திரத்த அடுப்புல வை என்றாள் அண்ணி. அசையவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் குழைந்து சொல்லிப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை. அதிகாரியின் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அரைநாள் பஸ் பயணம் அண்ணியின் கண்முன் நீண்டது. கறுப்புத் திட்டு அதை மறைக்கவில்லை.

கொஞ்சுவது இவளிடம் என்றைக்குப் பலித்தது?

"விடு, உன்னால ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் அண்ணி உரக்க. "நகரு. நானே போட்டுக்கறேன்."

நாத்தனாரின் கை லைட்டரை எடுக்கிற சத்தம் கேட்டது.

"நீங்க போட்டா யாரு குடிப்பாங்க? என் அண்ணனே குடிச்சதில்ல."

டக். அடுப்பு பற்றிக்கொண்டது.

அப்புறம் நிற்கவில்லை. பாலை ஊத்து. சர்க்கரை போடு, இல்லடி, மூடிச் சத்தம் உப்பு டப்பாவோடது, அதுக்குப் பக்கத்து டப்பா. பொங்குது, சத்தம் கேக்குது, தீயக் குறை. அணைச்சியா? திருகத் தொட்டுப் பாத்துச் சொல்லு. ஃபோன் தம்பி மூச்சு வாங்க மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் அதிகாரி, இனி மொழிபெயர்க்க வேண்டாம், புரிகிறது என்றாள். கடைசியில் டம்ளர் அண்ணியின் கைக்கு வந்தது. "சூடு, விளிம்பப் பிடிங்க."

அதிகாரி உட்கார்ந்து பேசினாள். அவள் சொன்னதை ஃபோன் தம்பி சொன்னான்: "ரெண்டு பேரையும் பிரிக்க வேண்டாம்னு எழுதறாங்களாம்மா. தினமும் காலையில வந்து உதவ ஆள் கேப்பாங்க. உங்க கண்ணுக்கும் சேத்துக் கேப்பாங்க. ஆனா இந்தப் பக்கத்துல ஆள் கிடைக்கிறது கஷ்டம், தமிழ் தெரிஞ்ச ஆள் சுத்தமா கிடைக்காது. வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் கூடவே இருக்கணும். கேஸ் அடுப்பு இருக்கக் கூடாது. யாரும் இல்லேன்னா அந்தப் படுக்கைதானாம். வேற வழி இல்லங்கறாங்க."

எல்லாரும் மகனின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவனுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அண்ணி அவன் காலடியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். படி. மண். காரின் கதவு திறந்தது. நாத்தனாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். காரின் கதவு சாத்தியது. எஞ்சின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

எஞ்சின் சத்தம் வரவில்லை. மண், படி என்று காலடி திரும்பி வந்தது. கனமாக வந்தது. கையிலிருந்த பெட்டிக்குள் ஏதோ இரும்புச் சாமான் உருண்டது. நேராகச் சமையலறைக்குப் போனான். சிலிண்டரை மூடினான். அடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தான். கரண்ட் அடுப்பு ஒன்று, தானே அணைகிற மாதிரி, நாளைக்கு மாட்டிவிடுகிறேன் என்று அதிகாரியிடம் சொன்னான். ஆள் வருகிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று அப்புறம்தான் சொன்னான்.

அதிகாரி தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகிறபோது ஃபோன் தம்பி, "வரேன்மா, உடம்பப் பாத்துக்குங்க" என்றான். அதை அவன் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

மகன் தன் துணிப்பையைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டான்.

"மருமகனே," என்றாள் நாத்தனார். "பைய வழியில வைக்காதே."

அவன் அதை எடுத்துச் சுவரோரம் வைத்தான். அண்ணி இன்னும் எழவில்லை.

"எங்க வெச்சிருக்கான்?"

"ஓரமாத்தான் அண்ணி. எழுந்திருங்க. வழி காலிதான்."