நக்‌ஷாவில் இருந்த கோயில்

காலை வியாபாரம் முடிந்து இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் சுருட்டிய வரைபடம், இந்த ஊர்ப் பேச்சில் நக்‌ஷா. எதிர் மைதானத்தில் வரப்போகும் கச்சேரி அரங்கத்துக்குப் படம் போடும் ஆபீஸிலிருந்து வருகிறாளாம். ஹிந்தியில் ஆரம்பித்தவள், நான் பக்கத்து வீட்டு எஸ்தரைத் தமிழில் கூப்பிட்டதும் கோயம்புத்தூர்த் தமிழுக்கு மாறிவிட்டாள். பெயர் ஸ்ரீலக்ஷ்மி.

"அக்கா, இங்க ஒரு கோயில் இருக்கோணுமே. எங்கீங்க?"

என் மேசையிலேயே நக்‌ஷாவை விரித்தாள். ஆறாயிரம் பேர் உட்காரலாம், மேலே கூரை, உள்ளே ஏசி. புனே மழை கொட்டினாலும் பாட்டு நிற்காதாம். வரட்டுமே, எனக்கென்ன பொறாமையா? பாட்டுக் கேட்க வருகிறவனுக்கும் பசிக்கத்தானே செய்யும். அரங்கத்தைச் சுற்றி மதில். எங்கள் ஏரவாடா வஸ்தியின் குடிசைகள் இருக்கும் பக்கம் மட்டும் அது உள்வாங்கி, இருபதடிக்கு வழி விட்டிருந்தது. வழியின் முனையில் ஒரு சின்னக் கட்டம். 'நிரந்தரக் கோயில்'னு போட்டிருக்குது என்று விரல் வைத்துக் காட்டினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. போன ஆடியில்தான் அளவெடுக்க வந்தார்கள். அப்போது அந்த மூலையில் எங்கள் மாரியம்மன் இருந்தாள். மூங்கிலும் தகரமும் வேப்பிலையுமாகக் கட்டின குடிசை. கூழ் ஊற்றி, கரகம் எடுத்து, மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் பிரித்து என் வீட்டுப் பரணில் ஏற்றிவிடுவோம். அளவெடுக்க வந்தவருக்கு யாரோ ஒரு சொம்பு கூழ் கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு நிரந்தரம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார், புண்ணியவான்.

அந்தக் கட்டம் இல்லையென்றால் மதில் நேராக வந்துவிடும். ஆற்றங்கரையிலிருந்து கரகம் வருகிற பாதை அதோடு சரி. முப்பத்திரண்டு வருஷமாகக் கரகத்துக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நான் நடக்கிற பாதை.

எஸ்தர் என்னை ஓரமாக இழுத்தாள்.

"பவுனக்கா, வெள்ளையடிக்கப் பிரிச்சிருக்கோம்னு சொல்லுக்கா. நாளைக்கே நாலு செங்கல் வச்சு மஞ்சள் பூசிடலாம். எங்க வூட்லயே செங்கல் கெடக்குது."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் பேசுகிற பேச்சா இது! சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியே சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அந்தப் பெண் மைதானத்தில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தாள், தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்பதுபோல. பாவமாக இருந்தது. அம்மன் பேரிலேயே பொய் சொல்லிவிட்டு ஆடியில் எந்த முகத்தோடு அவளுக்கு முன்னால் நடப்பேன்?

"கோயில் இல்லம்மா. ஆடியில வருவா. மூணு வாரம் இருப்பா, போயிடுவா. மத்த நாளெல்லாம் வெறும் மைதானந்தான்."

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்ரீலக்ஷ்மி பென்சிலை எடுத்து, 'நிரந்தர' என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள். போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிகிறதா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் கட்டத்தை அவள் அழிக்கவில்லை.

"வருசா வருசம் இதே எடந்தானுங்களா?"

"முப்பத்திரண்டு வருஷமா."

"அப்ப ஆடி மாசத்துக்குன்னு எழுதி, இந்த வழிய விடச் சொல்லிக் கேட்டுப் பாக்கறனுங்க. மேல இருக்கறவங்க ஒத்துக்கோணும். நான் வாக்குக் குடுத்ததா நெனச்சுக்காதீங்க." நக்‌ஷாவைச் சுருட்டினாள். "சரியா எந்த எடம்? அம்மன் எந்தப் பக்கம் பாத்து இருப்பாங்க?"

கையை நீட்டிக் காட்டினேன். அது அவளுக்குப் போதவில்லை.

"நீங்களே போய் நின்னு காட்டுங்கக்கா."

போனேன். குட்கா பாக்கெட்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஸ்ரீலக்ஷ்மி அளவு டேப்பின் முனையை எஸ்தரிடம் கொடுத்து, என் காலடியில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"அசையாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, மதில் வரப்போகிற பக்கமாக டேப்பை இழுத்துக்கொண்டே நடந்தாள். நான் அசையவில்லை. கீழே, என் பாதத்தருகே முனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி எஸ்தர் குத்த வைத்திருந்தாள். அவளும் செருப்பைக் கழற்றியிருந்தாள்.