ஆபிதா பீவிக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

1

இந்தக் கதை எனக்குத் திருச்செந்தூர் பஸ்ஸில் கிடைத்தது. பின் சீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "பேப்பர்ல ஜெபம் போட்டுல்லா ஜெயிலுக்கு டாக்டரம்மாவ வரவழைச்சோம்" என்றாள். நான் திரும்புவதற்குள் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கிவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். அதன் சுவரும் கம்பியும் நானே கட்டியவை.

2

1996. அஞ்சா நெஞ்சம் கொண்ட நிருபர் பிரிஸில்லா, சிறைக்கதவைத்

[இந்த வரி வேண்டாம். அடித்தது தெரியட்டும்.]

பிரிஸில்லாவுக்குக் கரப்பான்பூச்சி என்றாலே பயம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மாலைப் பத்திரிகையில் வேலை. ஞாயிறு மாலை சபைப் பெண்களோடு சிறைக்குப் பாடப் போனதும், பாட்டுக்குழுவில் ஆள் குறைந்ததால்தான்.

பாடி முடித்ததும் வழக்கம்போல, "யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா?" என்று கேட்டார்கள். கதை அங்கேதான் எழுந்து உட்கார்ந்தது. உடம்புக்கு முடியவில்லை என்று புகார் சொன்னால் காவலர்களுக்குக் கோபம் வரும். விண்ணப்பத்தை யார் தடுப்பது? ஒருத்திக்கு மார்பில் கட்டி, ஒருத்திக்கு ஓயாத இருமல். கடைசியாக விசாரணைக் கைதி ஆபிதா பீவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மாசக்கணக்கா உதிரம் நிக்கல. டாக்டரு கம்பிக்கு அங்கன நின்னே மாத்திரை தாராரு. ஆம்பளைகிட்ட என்னத்தச் சொல்ல? ஒரு டாக்டரம்மா வந்து பாத்தா பொழச்சிக்கிடுவேன்."

3

பிரிஸில்லா எழுதிக் கொடுத்த செய்தியைப் பத்திரிகை ஆசிரியர் சிவசண்முகம் படித்தார். "இதப் போட்டா எம்மேல கேஸு வரும்மா."

 பிரிஸில்லாவுக்கு அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. "சனிக்கிழமை நம்ம பேப்பர்ல வருத சபை அறிவிப்புல, ஜெப விண்ணப்பமாப் போடலாமா அண்ணாச்சி?"

அவர் நெற்றித் திருநீறு சுருங்கச் சிரித்தார். "சாமி கும்பிடுததுக்கு எவன் கேஸு போடுவான்? எழுதிக் கொண்டா."

[இதை எழுதும்போது நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.]

ஒரு சிக்கல். விண்ணப்பத்தில் பெயர் போடும் வழக்கமில்லை. 'ஒரு சகோதரிக்காக' என்றுதான் இருக்கும். பெயர் வந்தால் காவலர்கள் ஆபிதாவைச் சும்மா விடுவார்களா? பிரிஸில்லா அடுத்த ஞாயிறு அவளிடமே போய்க் கேட்டாள்.

"பேரப் போடுங்கக்கா. பேரில்லாட்டாலும் அல்லாவுக்கு வெளங்கிரும். கலெக்டருக்கு வெளங்காதுல்லா."

4

முடிவு ஒன்று: கலெக்டரின் கார் சிறைவாசலில் வந்து நிற்கிறது. [சினிமா.]

முடிவு இரண்டு: டாக்டர் வருவதற்கு முந்தின நாள் ஆபிதா

எழுதமாட்டேன்.

பஸ்ஸில் நான் கேட்டது டாக்டர் வந்தார் என்பது மட்டும்தான். நேரத்துக்கு வந்தாரா என்று அந்தப் பெண் சொல்லவில்லை. அதனால் கதையைச் சபைக் கோயிலிலேயே நிறுத்துகிறேன்.

பத்திரிகை வந்த மறுநாள், ஞாயிறு ஆராதனை. குருவானவர் சாலமோன் விண்ணப்பத்தைப் பெயரோடு வாசித்துவிட்டார்.   பாட்டுக்குழுவில் நின்ற பிரசவ டாக்டர் கிரேஸ் பாட்டுப்புத்தகத்தை மூடுகிறார்.

"நான் இன்னைக்கே போறேன் ஐயா. உள்ள விடுவாங்களா?"

எல்லாத் தலைகளும் ஆண்கள் பக்கம் திரும்புகின்றன. அங்கே மூன்றாவது வரிசையில் சிறைக் கண்காணிப்பாளர், குனிந்த தலையோடு. பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவியும் அவரையே பார்க்கிறாள்.

அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு நேர் பின்னால் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். ஆபிதா பீவியால் வெகுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அவர் தோளைத் தொட்டு எழுப்புங்கள்.