எந்த இடத்து ஆள்

கடிதம் வந்து மூன்று நாளாகியும் சௌடையா அதற்கு ஒரு பதில் சொல்லவில்லை.

மதுரையில் ஒரு நூற்பாலை. அந்த ஆலைக்கென்று ஒரு கால்பந்து அணி. அணியில் சேர்கிறவனுக்கு ஆலையிலேயே வேலை. அருப்புக்கோட்டைக் கல்லூரி அணியில் தடுப்பாட்டம் ஆடும் கருணாகரனைச் சனிக்கிழமை வந்து பார்ப்பதாக ஆலை அதிகாரி கல்லூரிக்கு எழுதியிருந்தார்; கல்லூரி அதை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. 'அவர் ஆட்டத்தில் எந்த இடத்து ஆள் என்பதைத் தெளிவாகத் தெரிவிக்கவும்' என்று அடியில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் வீட்டை இரண்டாக்கிவிட்டது.

கருணாகரன் சௌடையாவின் தம்பி மகன். தம்பி போய்ப் பதினோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து பையனும் அவன் தாய் லிங்கம்மாளும் சௌடையாவின் பொறுப்பு. வீட்டில் நான்கு தறி. எழுபத்து மூன்றாம் வருஷத்து நூல் தட்டுப்பாட்டில் இரண்டு தறி சும்மா நின்றன. பையன் பி.ஏ. எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தான். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவனுக்கு வேறு வேலை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

வியாழக்கிழமை காலை கல்லூரியின் பி.டி. மாஸ்டர் ஜான்ராஜ் நேரிலேயே வந்துவிட்டார். சௌடையாவின் சித்தப்பா மகன் நாகையாவும் வந்து உட்கார்ந்தான். துணி மூட்டையோடு மாதம் நாலு தடவை மதுரைக்குப் போகிறவன். போன இடத்தில் பந்தாட்டம் பார்த்துவிட்டு வருகிறவன். வீட்டுக்குள் பேசுவது கன்னடம் என்றாலும் மாஸ்டர் இருந்ததால் எல்லோரும் தமிழில் பேசினார்கள்.

"ஐயா, ஒளிச்சுப் பேச ஒண்ணும் இல்ல," என்றார் ஜான்ராஜ். "ரெண்டு ஆள் எடுக்குறாக. ஒண்ணு ஸ்டாப்பர். கோலுக்கு முன்னாடி நடுவுல நிக்கிற ஆள். அவனுக்கு ஆபீஸ்ல கிளார்க்கு வேலை, எடுத்த எடுப்புலயே பெர்மனெண்டு. இன்னொண்ணு, எந்த எடத்துல ஆள் விழுந்தாலும் அங்க எறங்கி ஆடுறவன். நான் இந்த ரெண்டாவதுக்குத்தான் எழுதலாம்னு பாக்கேன்."

"ரெண்டாவது ஆளுக்கு என்ன வேலை?"

ஜான்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆலைக்குள்ள பதிலி."

"பதிலின்னா?"

"காலையில மில்லு கேட்டுல போய் நிக்கணும்ணே," என்று நாகையா முந்திக்கொண்டான். "எவனுக்காச்சும் காய்ச்சல், எவன் வீட்டுலயாச்சும் இழவுன்னா உள்ள கூப்புடுவாக. எல்லாரும் நல்லா இருந்தா நம்மாளு வீட்டுக்கு வர வேண்டியதுதான்."

"ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ," என்றார் ஜான்ராஜ். "பெறகு நெரந்தரம் ஆயிரும். ஐயா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. உங்க பையனை எங்க விட்டாலும் ஆடுவான். ஸ்டாப்பர் ஆடுவான், லெப்ட் பேக் ஆடுவான். போன மாசம் விருதுநகர்ல ஹாஃப்ல, நடு வரிசையில விட்டேன், அங்கயும் நின்னான். பந்து எங்க வரும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருது. அதுதான் அவன் மதிப்பு."

"அதுதான் வாத்தியாரே கோளாறு," என்றான் நாகையா. "கல்யாண வீட்டுல பந்தலும் கட்டுவான், பந்தியும் பரிமாறுவான், ஆளு வரலைன்னா ஜால்ராவும் தட்டுவான்னு வைங்க. அவனை எல்லாருக்கும் பிடிக்கும். முதல் தாம்பூலம் மட்டும் வேற எவனுக்கோ போகும்."

"அப்ப ஸ்டாப்பருன்னு எழுதுங்க," என்றார் சௌடையா.

"ஸ்டாப்பருக்குத் திருச்சுழியிலருந்து முத்துராமலிங்கம்னு ஒரு பையன் வாரான். ஆறடி. தலைக்கு மேல வர்ற பந்து பூராம் அவனுக்குத்தான். நம்ம பையன் அஞ்சரை அடி. ஓடி அடைக்கிறதுலதான் நம்மாளு கெட்டி. ஒரே எடத்துல கட்டிப்போட்டா இவனும் பத்தோட பதினொண்ணு."

சௌடையா எழுந்து நின்றார். அறுபத்தோரு வயதிலும் முதுகு வளையவில்லை.

"கேட்டுல நின்னுக்கிட்டு எவன் வீட்டுல இழவு விழும்னு பாக்குற வேலைக்கு எங்க வீட்டுல ஆள் இல்ல, மாஸ்டர். ஸ்டாப்பருன்னே எழுதுங்க."

அவர் பேச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. சௌடேஸ்வரி அம்மன் திருவிழாவில் ஆண்கள் இரு வரிசையாக நின்று, 'தீசுக்கோ தாயே', ஏற்றுக்கொள் தாயே என்று சொல்லி வெறும் மார்பில் கத்தி போட்டுக்கொண்டே அம்மனை அழைத்து வருவார்கள். வலது வரிசையில் முதல் கத்தி சௌடையாவின் வீட்டுக்கு. நான்கு தலைமுறையாக அப்படித்தான். அவருடைய அப்பா ஒரு வருஷம் ரத்தம் அதிகம் போய்க் கண் இருட்டியபோதும் ஓரடி விலகவில்லை. விலகினால் பின்னால் நிற்பவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான். வந்தால் வந்ததுதான், திரும்பக் கிடைக்காது. இடம் என்றால் சௌடையாவுக்கு அதுதான் அர்த்தம். பந்தாட்டத்தை அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மாஸ்டர் போனதும் அவர் கருணாகரனைக் கூப்பிட்டார்.

"நடுவுல நில்லு. மாஸ்டர் கூப்பிட்டாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி, எடம் மாறாதே. ஒருதரம் மாறினா உன்னை அந்த ரெண்டாவது ஆளுன்னு முத்திரை குத்திருவாங்க."

"ஆட்டத்துல அப்படி நிக்க முடியாது, தொட்டப்பா." பெரியப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"முடியும். கையில அடிச்சுக் குடு."

கருணாகரன் அவர் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதில் தன் கையை வைத்தான். கதவுக்குப் பின்னால் நின்ற லிங்கம்மாள், "ஆடப்போறவன் அவன்," என்று மட்டும் சொன்னாள். சௌடையா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு வெயில் இன்னும் தாழவில்லை. மைதானம் கட்டாந்தரை. பந்து விழுந்த இடத்தில் எல்லாம் புழுதி எழுந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஆலை அதிகாரி ராஜகுரு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக ஊர் ஊராக அலைந்தவர். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. எதிரே எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் சௌடையா குடையை விரித்துக்கொண்டு நின்றார். நாகையா பக்கத்தில் நின்று, எது என்ன என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

திருச்சுழிப் பையன் எதிரணியில் இருந்தான். சொன்னபடியே உயரம். உயரே வந்த பந்தையெல்லாம் காக்கை வடையைக் கொத்துவதுபோல எடுத்துக்கொண்டிருந்தான்.

கருணாகரன் நடுவில் நின்றான். முதல் கால்மணி நேரம் குறையொன்றும் இல்லை. பிறகு எதிரணிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். கருணாகரனுக்கு இடப்பக்கம் லெப்ட் பேக்காக ஆடியவன் இருளப்பசாமி, மல்லாங்கிணற்றுப் பையன். நல்லவன், மெதுவானவன். பந்தை அவன் பக்கமே தள்ளினார்கள். அவனைத் தாண்டி ஒருவன் ஓடினான்.

கருணாகரனின் வலது கால் எழும்பியது. உடம்பு சாய்ந்தது. இரண்டு அடி வைத்தான். நின்றுவிட்டான். குடை இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான். அதற்குள் பந்து கோலுக்குள் கிடந்தது.

"இவன் ஏன் நின்னான்?" என்றான் நாகையா. "எப்பவும் போயி அடைச்சிருவானே. இருளப்பசாமி இத்தனை நாள் டீம்ல இருக்கிறதே இவன் அடைக்கிறதாலதான்."



அதன் பிறகு சௌடையா பந்தைப் பார்க்கவில்லை. பையனின் கால்களையே பார்த்தார். ஒருவன் பந்தை உதைப்பதற்கு முன்பே கருணாகரனின் பாதம் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. எந்தப் பக்கம் எழும்புகிறதோ அந்தப் பக்கம்தான் பந்து போகிறது. ஒவ்வொரு தடவையும். மாஸ்டர் மூன்று வருஷமாகப் பார்த்ததை அவர் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டார். எழும்பிய காலை ஒவ்வொரு தடவையும் அவன் இழுத்துத் திரும்ப வைத்தான்.

"லெப்டுக்குப் போலே கருணா," என்று ஜான்ராஜ் கோட்டோரமாக ஓடிக் கத்தினார். "போலே, போ."

அவன் போகவில்லை.

"மாஸ்டர், அது ஆளு இல்ல, மைல்கல்லு," என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். "பந்தல்குடி எத்தனை மைலுன்னு கேளுங்க, சொல்லும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சௌடையா கையை ஒருமுறை உயர்த்தி, போ என்று அசைத்திருந்தால் போதும். கோட்டோரமாக அவருடைய சாதிசனம் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். கோயிலில் வலது வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள். அவர்கள் முன்னால், சொன்ன சொல்லைக் கையசைத்துத் திருப்பி எடுப்பதா? குடைக்காம்பை இறுகப் பிடித்தபடி நின்றார். கை உயரவில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தில் அதே இடப்பக்கமாக இரண்டாவது கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் ராஜகுரு ஜான்ராஜிடம் பேசியது பக்கத்தில் நின்றவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஸ்டாப்பருக்குத் திருச்சுழிப் பையன் போதும் மாஸ்டர். உங்க பையனைப் பத்திப் பெருசாச் சொன்னாங்க. கண்ணு முன்னால பக்கத்து ஆளைத் தாண்டிப் பந்து போகுது, இவன் வேடிக்கை பாக்கான். அப்பிடி ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

கருணாகரன் இரண்டு கஜ தூரத்தில் நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஒரு காரணமும் சொல்லவில்லை. பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்துவிட்டான்.

வேடிக்கை பார்க்கிறவன். சௌடையாவின் வீட்டில் யாரையும் பார்த்து இதுவரை ஒருவரும் சொல்லாத வார்த்தை அது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்கள் வணங்கினார்கள், இவரும் வணங்கினார். கால் தன்பாட்டுக்கு நடந்தது. மனுஷன் மட்டும் வழியில் எங்கோ உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது.

ராஜகுரு டீக்கடை பெஞ்சில் மதுரை பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். சௌடையா அவர் முன்னால் போய் நின்றார்.

"நான் கருணாகரனோட பெரியப்பன்."

"உக்காருங்க பெரியவரே."

"இருக்கட்டும். எடம் மாறாதேன்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன். கையடிச்சு வாங்கினேன். அதனாலதான் நின்னான். தப்பு ஆட்டத்துல இல்ல, எங்கிட்ட."

ராஜகுரு டீயை ஒரு வாய் குடித்தார். "ஒவ்வொரு ஊர்லயும் ஒரு காரணம் கேட்டுட்டுத்தான் வாரேன். பூட்ஸு கடிச்சிருச்சும்பாக. வயித்தால போச்சும்பாக. நீங்க சொல்ற மாதிரி ஒருத்தரும் சொன்னதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

 கோயிலையும் கத்தியையும் இந்த மனிதரிடம், டீக்கடையில் நின்றுகொண்டு, எங்கிருந்து தொடங்குவது?

"தெரியாமச் சொன்னேன்," என்றார் சௌடையா. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்கு மைதானத்திலிருந்து நடந்துவந்த தூரத்தைவிட அதிகத் தூரம் நடக்க வேண்டியிருந்தது. "அந்த ரெண்டாவது எடம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஆனா அது பதிலி. தெனம் கேட்டுல நிக்கணும். ஆட்டத்துலயும் அப்பிடித்தான். பெஞ்சில உக்கார வேண்டியிருக்கும், எங்க விட்டாலும் ஆட வேண்டியிருக்கும். உங்களுக்குச் சம்மதம்தானா?"

"சம்மதம்."

"பையனுக்கு?"

 இந்தத் தடவையும் சௌடையா பையனைக் கேட்டிருக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. ராஜகுரு பையை எடுத்துக்கொண்டார். "திங்கக்கிழமை ஏழு மணிக்கு ஆலைக்கு வரச் சொல்லுங்க. எங்க கோச்சு ஒருதரம் ஆடவிட்டுப் பாப்பாரு. எடுத்துட்டதா நெனச்சுக்கிட வேண்டாம். பாப்பாரு, அவ்வளவுதான்."

வீட்டில் கருணாகரன் கிணற்றடியில் முழங்கால் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். சௌடையா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். போனது, கேட்டது, ராஜகுரு சொன்ன பதில். ஒன்றையும் மறைக்கவில்லை.

"நீங்களா போய்க் கேட்டீங்க?"

"ஆமா."

"எனக்காக நீங்க போய் ஒருத்தர் முன்னால நிக்க வேண்டாம், தொட்டப்பா. நான் போகல. வேடிக்கை பாக்கிறவன்னு அந்த ஆளு சொன்னதும் நான் பேசாம வந்தது எதுக்கு? உங்க பேரு அடிபடக் கூடாதுன்னுதானே?"

லிங்கம்மாள் கையில் ஈயச் சொம்போடு வாசலுக்கு வந்தாள். "நல்லா இருக்கு. அவர் உனக்காக விட்டுக்குடுத்துட்டார், நீ அவருக்காக விட்டுக்குடுத்துட்டே. வேலை யாருக்கு, அந்த வீதியில போறவனுக்கா?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

 கருணாகரன் காயத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் ஒதுக்கினான்.

"முதல் கோலு என் தப்புன்னுகூடச் சொல்லலாம்," என்றான் கடைசியில். "ரெண்டாவது கோலு... அவன் எங்க அடிப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"பார்த்தேன்," என்றார் சௌடையா.

"என்ன பார்த்தீங்க?"

"அவன் உதைக்கிறதுக்கு முன்னாடியே உன் கால் எந்திரிச்சுது."

கருணாகரன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். மூன்று வருஷம் அவன் ஆடிய ஆட்டத்தைப் பற்றி அந்த வீட்டு ஆள் ஒருவர் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். தாய் நீட்டிய சொம்பை வாங்கி முழங்காலில் தண்ணீரை ஊற்றினான்.

"போறதும் போகாததும் உன் இஷ்டம்," என்றார் சௌடையா. "நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். அப்படி உட்காருவது அவர் வழக்கமில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு கருணாகரனின் குரல், தாயிடம்:

"திங்கக்கிழமை மதுரைக்கு முதல் பஸ்ஸு எத்தனை மணிக்கும்மா?"