மாடி மீட்டர்

ஜோயல் மின்சாரக் கார் வாங்கி வந்த அன்று தெருவில் பாதிப் பேர் அதைச் சுற்றி நின்றார்கள். சத்தமே இல்லாமல் வந்து நின்ற வண்டியை எதிர்வீட்டுச் சுயம்புலிங்கம் தட்டிப் பார்த்தார்.

"ஏலே ஜோயலு, இது ஓடிக்கிட்டு இருக்கா, செத்துப்போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாடிப்படியில் நின்றிருந்த பியூலாவும் சிரித்தாள். ஜோயல் அவளுக்குக் கொழுந்தன். அவனுடைய அண்ணன் ஞானதுரைதான் அவள் கணவன். அவன் இறந்த பிறகும் அவள் அந்த வீட்டு மாடியிலேயே இருந்தாள்.

ராஜபாளையத்தில் அந்த வீடு கீழும் மேலுமாக இரண்டு பகுதி. கீழே ஜோயலும் மாமியார் பரிபூரணமும். மேலே பியூலா மட்டும். மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படி, தனிக் கதவு, தனி மீட்டர். மீட்டர் இன்னும் ஞானதுரை பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் பியூலாவின் ஒரே விருப்பம். மாற்றிவிட்டால் அந்த ரசீதைக் காட்டித் தனி கேஸ் இணைப்பு, தனி ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். மாடி தன்னுடையது என்று சொல்ல ஒரு காகிதமாவது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த வீட்டில், அண்ணன் பிள்ளைகள் படுக்கவே இடம் போதாது.

மாற்றுவதற்கு மாமியாரின் கையெழுத்து வேண்டும். அவரும் ஒரு வாரிசு.

"போடுவோம்ட்டி. கரண்டு வரத்தான செய்யுது, இப்ப என்ன அவசரம்?" என்பார் பரிபூரணம். மருமகள் மாடியில் தனியாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மகன் இறந்த கையோடு மாடி சிலிண்டரைக் கீழே இறக்கிவிட்டார். பியூலா ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வைத்துக்கொண்டாள். காலையில் காப்பி, ராத்திரிக்கு ஒரு கஞ்சி. அதை மட்டும் மேலே செய்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜோயல் மேலே வந்தான்.

"மதினி, நம்ம வீட்டுல நீங்கதான் பி.எஸ்சி. படிச்சவிய. வண்டிய எந்த லைன்ல சார்ஜ் போட்டா நமக்கு நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"பாக்கேன்."

"பாத்துச் சொல்லிட்டீங்கன்னா, எம்மாகிட்ட கையெழுத்து வாங்கித் தாரது என் பொறுப்பு."

பியூலா ஒரு பஞ்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நூலின் பலத்தை அளக்கும் வேலை. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் அவளுக்குப் பிடிக்கும். மின் கட்டணத்தையும் அப்படியே அளந்து பார்த்தாள். வீட்டு லைனில் முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் ஏற ஏற ஸ்லாப் மாறும். ஐநூறைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடிவிடும். வண்டி சார்ஜ் செய்வதற்கென்றே தனி இணைப்பு உண்டு. அதற்கு இலவசம் கிடையாது. ஆனால் விலை ஏறிக்கொண்டே போகாது, பகல் நேரத்தில் போட்டால் இன்னும் குறையும்.

"தனி லைன்தான் சரி, தம்பி" என்றாள். "இது வாடகை வண்டி. வீட்டு லைன்ல போடக் கூடாது."

"தனி லைன் எப்ப மதினி வரும்? அதுக்கு வீட்டுப் பத்திரம் கேப்பான், எழுதிக் குடுக்கச் சொல்லுவான். எனக்கு நாளைக்கே மதுர ஏர்போர்ட் சவாரி இருக்கு." அவன் அவள் மீட்டரைப் பார்த்தான். "உங்க மீட்டர்ல ஓசி நூறே தீர மாட்டேங்கு. சும்மாதான கெடக்கு?"

"யாராவது பாத்தா?"

"யாரு பாக்கா?"

இரண்டாவது முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையெழுத்தும் அவன் கையில் இருந்தது. அதற்குப் பிறகு அவன் விரும்பிய வழியிலேயே கணக்குப் போட்டாள். ஒருநாள் கீழ் மீட்டர், ஒருநாள் மாடி மீட்டர். மாறி மாறிப் போட்டால் இரண்டும் ஐநூறுக்குள் நிற்கும்.

கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே மாடி அடுக்களை. எலக்ட்ரீசியன் வந்து அடுக்களை மேடையின் மேல் பெரிய பிளக் வைத்துக்கொடுத்தான். சார்ஜர் வயர் ஜன்னல் வழியாகக் கீழே இறங்கியது. முதல் நாள் வண்டி சார்ஜில் இருக்கும்போது அவள் காப்பி போட்டாள். மாடி முழுக்க இருட்டாகிவிட்டது. இரண்டையும் அந்த லைன் தாங்காது.

அடுப்பைப் பரணில் ஏற்றினாள். மேடை முழுக்கச் சார்ஜர் பெட்டியும் சுருட்டிய வயரும். காப்பிக்கும் கஞ்சிக்கும் கீழே போனாள்.

"இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார் பரிபூரணம். அவளுக்கென்று கருவாடு எடுத்து வைத்தார்.

கையெழுத்தை ஜோயல் கேட்டான். "கோயில் அசனச் சாப்பாடு முடியட்டும்ல" என்றார். அசனம் முடிந்தது. மழை முடியட்டும் என்றார்.

ரீடிங் எடுக்க வந்தவர் மாடி மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். காரின் நம்பர் பிளேட்டையும் பார்த்தார். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து, வாடகை வண்டி. நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை அதிகாரி ஒருவர், ஒரு லைன்மேனோடு வந்தார்.

முதலில் வண்டி. வீட்டு லைனில் வாடகை வண்டிக்குச் சார்ஜ் போட்டதற்கு அபராதம் என்றார். ஜோயல் தலையைச் சொறிந்தான். எதிர்வீட்டுச் சுயம்புலிங்கம் பல்குச்சியோடு வாசலுக்கு வந்தார்.

பிறகு அதிகாரி கேட்டார். "ஒரே கட்டடத்துல வீட்டு லைன் ரெண்டு. மேல இருக்கிறது தனிக் குடும்பமா, எல்லாரும் ஒரே குடும்பமா?"

பரிபூரணத்தின் முகம் மாறியது.

"என்ன சார் இப்படிக் கேக்கிய? எம் மவன் போன பொறவு இந்தப் பிள்ளையத் தனியா விட்ருவனா? ஒரே பான சார். ஒரே சோறு. தெருவுல யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க."

"அத நான் சொல்லுதேன் சார்" என்றார் சுயம்புலிங்கம், குச்சியை எடுத்துவிட்டு. "பிரிவினைங்கிற பேச்சே அந்த வீட்டுல கெடையாது. மாமியாளும் மருமவளும் தாயும் மவளும் மாதிரி."

அதிகாரி மாடி ஏறினார். எல்லாரும் பின்னால் ஏறினார்கள். அடுக்களை மேடையைப் பார்த்துவிட்டுப் பியூலாவிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. தனியா சமைக்கிறீங்களா?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஜோயல் ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டினான். பக்கத்தில் பரிபூரணம், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் தெருவே பார்க்க மாமியாரைப் பொய்க்காரியாக்க வேண்டும். ஆமாம் என்பதும் இப்போது உண்மை இல்லை. பியூலா பரணைப் பார்த்தாள்.

"அடுப்பு பரண்ல இருக்கு" என்றாள்.

"பரண்ல யாரும் சமைக்க மாட்டாங்களேம்மா" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. தனி அடுக்களை இல்லாவிட்டால் தனிக் குடும்பம் என்று எழுத முடியாது, இரண்டு இணைப்பையும் ஒன்றாக்கிவிடுவோம் என்று விளக்கினார். இறங்கும்போது தலை இடிக்காமல் குனிந்து போனார்.

அவர் போனதும் ஜோயல் கத்தினான்.

"எம்மா, தனிக்குடும்பம்னு ஒத்த வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"ஏலே, ஊரு முன்னால குடும்பம் ரெண்டா கெடக்குன்னு என்னையச் சொல்லச் சொல்லுதியா? ஒங்கய்யா இருந்தா சொல்லுவாகளா?"

"அவிய இருந்தா கார வாங்க விட்ருக்கவே மாட்டாக."

பரிபூரணம் பியூலா பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொண்டவர்போல், "அந்தக் கையெழுத்துத்தான? கொண்டா, போடுதேன்" என்றார்.

"இனி வேண்டாம் அத்தை."

"ஏட்டி, கோவமா?"

"இல்ல. மாத்துறதுக்கு மீட்டர் இருக்காது."

லைன்மேன் வந்து மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார். மாடி லைனைக் கீழ் லைனோடு சேர்த்தார்கள். ஜோயல் வண்டிக்குத் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்தான். பியூலா முதலில் சொன்ன அதே இணைப்பு. நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. இப்போது பகலில் அதில் சார்ஜ் போடுகிறான். "மதினி கணக்குன்னா கணக்குதான்" என்று சவாரி நண்பர்களிடம் சொல்கிறான்.

சித்திரை வந்தது. ஜோயல் அறையில் ஏசி, தண்ணீர் மோட்டார், பிரிட்ஜ், எல்லாம் ஒரே மீட்டரில். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது பரிபூரணம் கேட்டார்.

"ஐநூறத் தாண்டிப்போச்சாம்லட்டி. மேல ஒருத்திக்கு ஒரு காத்தாடி, கீழ ஒருத்திக்கு ஒரு காத்தாடி. நீ கீழ வந்து படுத்தா என்ன?"

பியூலா தட்டைக் கழுவி வைத்தாள். மேலே போய்க் கணக்குப் போட்டாள். மாடியின் விசிறியும் விளக்கும் சேர்ந்தால் வீடு ஐநூறைத் தாண்டுகிறது. இல்லாவிட்டால் உள்ளே நிற்கிறது. வேறு எதையாவது குறைக்க முடியுமா என்று பார்த்தாள். அவளால் குறைக்கக் கூடியது வேறு எதுவும் இல்லை. திரும்பவும் போட்டாள். அதேதான் வந்தது.

விசிறியை நிறுத்தினாள். பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பரிபூரணம் நகர்ந்து இடம் விட்டார். "ஜன்னல் பக்கம் நீ படு. எனக்கு அந்தக் காத்து ஆவாது" என்றார்.