பாதிப் பாடம்

தையல் கம்பெனியில் பயிற்சி அறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் டீச்சரக்கா என்பார்கள். அவளிடம் படித்தவர்கள் கெட்டிக்காரர்கள். அதுதான் வினையாகிப்போனது. கை தேர்ந்ததும் ஒவ்வொருவராக எதிர்த்த கம்பெனிக்குக் கம்பி நீட்டினார்கள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் சம்பளம் குடுக்கிறேன், நீங்க எதிர்த்த கம்பெனிக்கு ஆள் தயார் பண்றீங்க. நல்லா இருக்கும்மா நியாயம்."

"கத்துக்கிட்டவங்க நம்மகிட்டயும் இருக்காங்க சார்."

"எத்தனை நாளைக்கு? இனிமே ஒருத்தருக்கு ஒரு தையல். காலர்னா காலர், கைன்னா கை. மெஷினைத் திறக்கவே சொல்லிக்குடுக்கக் கூடாது. அரைகுறையா இருந்தா எவன் கூப்பிடுவான்? முடியாதுன்னா சொல்லுங்க, அந்த ரூமைக் குடோன் ஆக்கிடறேன்."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். அறையே போனால் பாதிப் பாடமும் போய்விடும், பாதியாவது மிஞ்சட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் ஊசி மாற்றக் கேட்ட பெண்ணிடம் "அது உனக்கு வேண்டாம்" என்று முதல்முறை சொன்னபோது நாக்கு கூசியது.

முதலாளியின் கணக்குப் பலித்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரும் போகவில்லை.

பிறகு அந்த ஆர்டர் வந்தது. வேறொரு நாட்டுக் கம்பெனியில் தைக்க வேண்டியது. அங்கே தாமதமானதால் இங்கே திரும்பியிருந்தது. சொன்ன தேதியில் அனுப்பினால் வருஷம் முழுக்க வேலை. பிசகினால் மறுபடி அந்த நாட்டுக்கே.

இதுவரை தைத்தது முரட்டுத் துணி. இது வெங்காயச் சருகு போல மெல்லிசு. முதல் தையலிலேயே சுருங்கியது. எல்லா மெஷினிலும் ஊசியை மாற்றி நூலின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். முழுசாகப் படித்திருந்த பழைய ஆட்கள் அதற்குள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். இப்போது அது தெரிந்தவர்கள் டீச்சரக்காவும் மெக்கானிக்கும்தான். மெக்கானிக் அவள் கொழுந்தன்.

"எனக்கென்ன பத்துக் கையா இருக்கு அண்ணி? இந்தப் பக்கம் சரி பண்ணினா அந்தப் பக்கம் பல்லிளிக்குது."

"பேச்சைக் குறைச்சுத் திருகுங்க தம்பி."

பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு உக்காந்த மாதிரி இருக்குடி," என்றாள் காலர் தைப்பவள். அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"டாக்டர் மேலதான் ஆயில் வாடை," என்றாள் பக்கத்து மெஷின்காரி.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது முதலாளி உள்ளே வந்தார்.

"என்ன சிரிப்பு? ஒரு ஊசி மாத்தக்கூடவா தெரியாது? இப்படி உக்காந்திருக்க யார் சொல்லிக்குடுத்தது?"

டீச்சரக்கா திருப்புளியோடு நிமிர்ந்தாள்.

"நீங்கதான் சார்."

கொழுந்தன் இருமினான். இனி அறை போனது போனதுதான் என்று அவளுக்குப் பட்டது. மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

"மத்தியானம் வரைக்கும் எல்லாரையும் எனக்குக் குடுங்க. முழுசா சொல்லிக்குடுக்கிறேன்."

"ஆர்டர் கழுத்தை நெரிக்குது, நீங்க கிளாஸ் எடுக்கப் போறீங்களா?"

"இப்போ மட்டும் ஓடிக்கிட்டா இருக்கு?"

அவர் கூடத்தை நீளவாக்கில் பார்த்தார். மின்விசிறிகள் மட்டும் ஓடின.

"எடுங்க," என்றார், மின்விசிறியிடம் சொல்வது போல.

அவள் யாரையும் பயிற்சி அறைக்கு அழைக்கவில்லை. அவரவர் மெஷினிலேயே பாடம். அவசரக்குடுக்கை எடுத்த எடுப்பில் ஊசியை உடைத்தாள். திட்டு விழும் என்று முதலாளியைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த ஊசி உடையாமல் நின்றது. துணி சுருங்காமல் ஓடியது.

"தம்பி, என் மெஷின் பக்கம் வந்துடாதீங்க. போய் டீ குடிங்க," என்றாள் மெக்கானிக்கிடம்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே அண்ணி," என்றான் கொழுந்தன். முகமெல்லாம் சிரிப்பு.

மதியத்துக்குள் கூடம் இரைச்சலால் நிறைந்தது. முதலாளி ஒரு தையலை இரு விரலில் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"இவங்களும் போயிட்டா?"

"சில பேர் போவாங்க சார். இன்னும் சில பேருக்குச் சொல்லிக்குடுப்பேன். ஆனா ஏன் போறாங்கன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

முதலாளி அவசரக்குடுக்கையின் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, எதிர்த்த கம்பெனியில அப்படி என்ன இருக்கு?"

அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"சம்பளம் கொஞ்சம் கூட சார். அதோட புள்ளைங்களைப் பாத்துக்க அங்க ஒரு ஆயா இருக்காங்க. எம்புள்ளைய நான் பக்கத்து வீட்டுல கெஞ்சி விட்டுட்டு வர்றேன்."

முதலாளி டீச்சரக்காவிடம் திரும்பினார்.

"வாசல் பக்கத்து ரூம்ல என்ன இருக்கு?"

"பழைய அட்டைப்பெட்டிங்க சார்."

"காலி பண்ணச் சொல்லுங்க. சம்பளத்தை நாளைக்கு உக்காந்து பேசலாம்."

அந்த இரைச்சலில் எல்லோருக்கும் அது கேட்டிருக்காது. அவசரக்குடுக்கைக்குக் கேட்டது. அடுத்த மெஷினுக்குச் சொல்லிவிட்டாள்.