பத்துக் கோடு

கோதையாற்றுப் பக்கம், ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் சரிவில், டாக்டர் பெமிலா சேற்றில் மண்டியிட்டு யானையின் காலடித் தடத்தை அளந்தாள். இடது முன்கால். குறுக்கே முப்பத்தெட்டு சென்டிமீட்டர். வலது முன்காலில், பன்றிக்கு யாரோ வைத்த கம்பிக் கண்ணி இறுகி ஆறு நாளாகியிருந்தது. வனக்காவலர் நேசம்மாள் அந்த ஆறு நாளும் பிடியானையின் பின்னாலேயே நடந்தவள். இந்தச் சின்ன டாக்டர் கடற்கரைக்காரி, மீனை விட்டால் வேறென்ன கண்டிருப்பாள் என்றுதான் காலையில் நினைத்திருந்தாள்.

யானை பாறையோரம் நின்றது. தூரம் காட்டும் கருவி மூடுபனியில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்ணைச் சொன்னது. பெமிலா அதைப் பையில் போட்டுவிட்டு, மயக்க ஊசித் துப்பாக்கியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள்.

"உள்ள சின்னச் சின்னதா கோடு உண்டுக்கா. நூறு மீட்டருல ஒரு கோட்டுக்குப் பத்து சென்டி. காலு அகலம் நமக்குத் தெரியும்லா? எத்தன கோட்டுல அடங்குதுன்னு பாத்தா தூரம் கெடச்சிரும்."

"கணக்கு தப்பிச்சுன்னா?"

"ஊசி தாழ்ந்தா வயித்துல படும். மெரண்டு ஓடிச்சின்னா அந்தக் காலு தாங்காது."

பெமிலா எண்ணினாள். பன்னிரண்டு கோடு. அப்படியானால் முப்பத்திரண்டு மீட்டர். விரல் விசைக்குப் போனது.

"டாக்டரே," நேசம்மாள் மூச்சோடு சொன்னாள். "அது வலது காலாக்கும். வீங்கிக் கெடக்கு."

விரல் விலகியது. முகம் சுளிக்கவில்லை. "நல்லவேள சொன்னிய" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவள் கழுத்தில் ஓர் அட்டை ஏறி, ரத்தம் குடித்து, பருத்து, தானாக விழுந்தது. அவள் அசையவேயில்லை. எத்தனையோ அதிகாரிகளைக் கண்ட நேசம்மாளுக்கு இப்படியொரு பொறுமை புதிது.

கடைசியில் யானை மெல்லத் திரும்பியது. இடது கால் தெரிந்தது. பத்துக் கோடு. முப்பத்தெட்டு மீட்டர். துப்பாக்கி முப்பது மீட்டருக்குக் குறி பார்த்து வைத்தது; மிச்ச எட்டு மீட்டரில் ஊசி தாழ்ந்துவிடும். இப்போது துப்பாக்கியின் காற்றழுத்தத்தைக் கூட்டினால் சீறும், யானைக்குக் கேட்டுவிடும். அதனால் பெமிலா நடுக்குறியை விட்டு, அதற்குக் கீழே ஏழாவது கோட்டை யானையின் தோளில் நிறுத்தினாள்; குழல் அந்த அளவுக்கு மேலேறியது.

டப்பென்று ஒரு சத்தம். தோளில் ஊசியின் சிவப்புக் குஞ்சம் ஆடியது.

யானை நின்றபடியே மயங்கியது. கம்பியை வெட்டி, புண்ணைக் கழுவி, தெளிய வைக்கும் ஊசி போட்டுவிட்டு இருவரும் சரிவேறினார்கள். திரும்பிப் பார்த்தபோது யானை காதை அசைத்தது. வலது காலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. பிறகு துதிக்கையால் முன்னே கிடந்த சருகுகளைத் தடவித் தடவி ஒதுக்கி, காலை மெதுவாக, மிக மெதுவாக, கீழே இறக்கத் தொடங்கியது.