சிரித்த முகத்தில் மாட்டிய கிளிப்

காலையிலேயே வகுப்பில் கடி விழுந்துவிட்டது. கடித்தவள் நாலு வயதுக் குட்டிமிளகாய். டீச்சரே ஆசையாக வைத்த பெயர். இன்று அதைச் சொல்லக்கூட டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கடிபட்ட பையன் அலுவலக அறையில் கையில் ஐஸ் கட்டியோடு விசும்பிக்கொண்டிருந்தான்.

"இது அஞ்சாவது தடவை," என்றார் தலைமையாசிரியை. "இடைவேளை மணிக்குள்ள அவளாவே போய், உனக்கு வலிச்சிருக்கும்லனு அவன்கிட்ட கேக்கட்டும். இல்லேன்னா ஸ்கூல்லேர்ந்து அவ பேரை எடுத்துடுவேன்."

மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. டீச்சர் குட்டிமிளகாயைச் சுவர் அட்டையின் முன் நிறுத்தினாள். அட்டையில் நான்கு முகங்கள்: சிரிப்பு, அழுகை, பயம், கோபம். தினமும் வந்தவுடன் ஒவ்வொரு பிள்ளையும் தன் படம் ஒட்டிய துணிக்கிளிப்பை அன்றைய முகத்தில் மாட்ட வேண்டும். மூன்று மாதமாக இந்த அட்டையைக் காட்டிக் காட்டி டீச்சருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கடித்த நாளானாலும் சரி, கடிக்காத நாளானாலும் சரி, குட்டிமிளகாயின் கிளிப் சிரிப்பில்தான் இருக்கும்.

"அவனைக் கடிச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு? கோவமா?"

"இல்ல. சிரிப்பு."

"அவன் அழுதானே, பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்ப உன் கிளிப் எங்க இருக்கணும்?"

"சிரிப்புல."

"பொய் சொல்லாதடீ!"

கத்திய பிறகுதான் தன் பல் நறநறத்தது டீச்சருக்கே கேட்டது. தன் மேலேயே வெறுப்பாக வந்தது. குழந்தை அழவில்லை. அட்டையை நிமிர்ந்து பார்த்து விரலை நீட்டினாள்.

"உங்களோடதும் அங்கதான இருக்கு டீச்சர்."

இருந்தது. பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முதல் நாள் மாட்டிய கிளிப். அப்புறம் அவள் அதைத் தொடவே இல்லை. மேலே தூசி படிந்திருந்தது. எத்தனை நாள் இந்த அட்டைக்கு முன்னால் நின்று எரிந்து விழுந்திருக்கிறாள்! டீச்சர் அதைப் பிடுங்கிக் கோப முகத்தில் மாட்டினாள்.

குட்டிமிளகாய் ஓரடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"என்னைக் கடிப்பீங்களா?"

"ச்சீ, இல்லடா. கடிக்க மாட்டேன்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தாள். வெளியே மணி அடித்தது. குட்டிமிளகாய் எக்கித் தன் கிளிப்பைக் கழற்றினாள். எங்கும் மாட்டாமல், பதிலுக்காக டீச்சரின் முகத்தையே பார்த்தபடி, அதன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.